மகாலட்சுமி ரேஸ்கோர்ஸுக்கு முதல் முறை போகிறவருக்கு

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக மும்பைக்கு வந்து மாட்டுங்காவில் தங்கியிருக்கும் நீங்கள், பிப்ரவரியில் இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயம் பார்க்க அலுவலக நண்பர்கள் அழைப்பதாகவும், ரேஸ் என்றாலே வீட்டை விற்றவர் கதையைத்தான் ஊரில் கேட்டு வளர்ந்திருப்பதால் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகலாமா, அது சட்டப்படி சரியா, எவ்வளவு பணம் கொண்டுபோவது, அங்கே எதைப் பார்ப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் முறையே டெர்பி நாளில் போக வேண்டாம் என்பது என் கருத்து. வழக்கமாகப் பிப்ரவரியின் முதல் ஞாயிறன்று நடக்கும் இந்தியன் டெர்பி, பந்தயத்துக்கு நிகராக உடைக்கும் தொப்பிக்கும் பெயர் பெற்ற நாள். அன்று வருகிறவர்களில் கணிசமானோர் ஒருவரையொருவர் பார்க்கவே வருகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆயினும் குதிரையைக் கண்ணருகே பார்க்க வேண்டிய இடத்தில் பிறருடைய தோள்களுக்குப் பின்னால் எம்பி எம்பி நின்றுவிட்டு, மீதி நேரத்தை வரிசைகளில் கழித்துவிட்டுத் திரும்பினால், ரேஸ் என்பது இவ்வளவுதானா என்று தோன்றிவிடும். டிசம்பரிலோ ஜனவரியிலோ சாதாரணப் பந்தய நாள் ஒன்றில், ரேஸ் தெரிந்த ஒருவரோடோ தனியாகவோ போய் வாருங்கள். டெர்பி உங்களுடைய இரண்டாவது வருகையாக இருக்கட்டும்.

ஊரில் கேட்ட கதைகள் பொய்யில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ரேஸில் குடும்பத்தைத் தொலைத்தவர்களை மாட்டுங்காவிலும் தாராவியிலும் நானே அறிவேன். அவர்களில் எவருமே குதிரையைப் பார்க்கப் போனவர்கள் அல்லர் என்பதைத்தான் இந்தப் பதில் முழுவதும் வெவ்வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

சட்டத்தைப் பற்றிய விடை நம் மாநிலத்திலிருந்தே தொடங்குகிறது. கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டிலேயே குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது உச்ச நீதிமன்றத்தின் தடையால் நின்றுபோனது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. இந்த வழக்குகள் எல்லாம் சேர்ந்து 1996-இல் தீர்ப்பானபோது, குதிரையின் வேகமும் தாங்குதிறனும் ஜாக்கியின் சவாரியும் பயிற்சியின் விளைவு என்றும், அவற்றைக் கணித்துக் கட்டுவதில் திறமைக்கே முதன்மையான இடம் உண்டு என்றும், ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறி, கையகப்படுத்தும் சட்டத்தையும் செல்லாததாக்கியது. நாடு முழுவதும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கு இதுதான். அந்தத் திறமை உங்களிடமும் என்னிடமும் போதுமான அளவு இருக்கிறதா என்பது வேறு வழக்கு. கிண்டி நிலத்தின் குத்தகையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் ரத்து செய்ததற்குக் காரணமும் பந்தயம் அன்று, வாடகைப் பாக்கிதான்.

மும்பையைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற ரேஸ்கோர்ஸின் எல்லைக்குள், பந்தயத்தை நடத்தும் கிளப்பே பணம் வாங்கும் டோட் கவுண்டரிலோ, சொந்தப் பொறுப்பில் பந்தயப் பணம் வாங்க கிளப் அனுமதித்த புக்மேக்கரிடமோ பணம் கட்டுவது சட்டப்படி சரி. வாசலுக்கு வெளியே தொலைபேசியில் பந்தயம் வாங்கும் புக்கியிடம் கட்டுவது குற்றம். வெளியே கட்டினால் வரி இல்லை, கடனுக்கும் கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் மேலே சொன்ன வீடு விற்ற கதைகளில் பெரும்பாலானவை அந்தக் கடனில்தான் தொடங்கின.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு பைகுல்லாவில் நடந்த பந்தயம் 1883-இல் மகாலட்சுமிக்கு மாறியது. ஓடுபாதைக்கு முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள கால்ஃபீல்டு மைதானம். நடத்துகிறவர்கள் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப். அந்த ‘ராயல்’ 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அளித்தது. மாநகராட்சியுடனான குத்தகை 2013-இல் முடிந்து பல ஆண்டு இழுபறியில் இருந்தது. 2024-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சுமார் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்காக மாநகராட்சிக்குப் போக, மிச்ச நிலத்தில் பந்தயம் தொடர்கிறது. நிலத்துக்கு இந்த விலை விற்கும் நகரத்தின் நடுவில் இத்தனை பெரிய புல்வெளி எஞ்சியிருப்பதே ஓர் அதிசயம்; பந்தயம் பிடிக்காவிட்டாலும் அந்த வெளியைப் பார்த்ததற்காகவாவது பயணச் செலவு தேறும்.

மும்பைப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். மழைக்காலத்தில் குதிரைகளும் மனிதர்களும் பூனாவுக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மும்பையில் குதிரை ஓடாத நாள்களிலும் ரேஸ்கோர்ஸ் திறந்திருக்கும். பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஓடும் பந்தயத்தைத் திரையில் காட்டி அதற்குப் பணம் வாங்குவார்கள். அன்று போனால் ஒரு கூரையின் கீழ் கூட்டமாக நின்று தொலைக்காட்சி பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆகவே கிளப்பின் இணையதளத்தில் நாள் பட்டியலைப் பார்த்து, மும்பையிலேயே பந்தயம் நடக்கும் நாள்தானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு கிளம்புங்கள்.

ஒரு நாளில் ஏழெட்டுப் பந்தயங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேரம். ஓட்டமோ ஒரு நிமிடம் முதல் இரண்டரை நிமிடம். டெர்பியின் 2,400 மீட்டர்கூட இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியானால் மாலை முழுவதும் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். அந்த அரை மணி நேரங்களை எங்கே கழிக்கிறீர்கள் என்பதுதான் ரேஸுக்குப் போவதன் உண்மையான கேள்வி. பெரும்பாலோர் கவுண்டருக்கும் திரைக்கும் நடுவே கழிக்கிறார்கள். நீங்கள் பேடாக்கில் கழியுங்கள்.

பேடாக் என்பது, ஓடப்போகும் குதிரைகளைப் பந்தயத்துக்குச் சற்று முன் வட்டமாக நடத்திக் காட்டும் இடம். வேலிக் கம்பியருகே நின்றால் குதிரை உங்களுக்கு மிக அருகில் நடந்து போகும். ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள, ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட தரோபிரெட் இனத்து விலங்கு அது. கல்யாண ஊர்வலத்திலும் கடற்கரையிலும் மட்டுமே குதிரையைப் பார்த்தவருக்கு இது வேறு பிராணியாகத் தோன்றும். தோலுக்கடியில் ஒவ்வொரு தசையும் தனித்தனியாக நகர்வதும், மூச்சில் மூக்குத் துளை விரிவதும், கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தால் இரண்டு காதுகளும் வெவ்வேறு திசையில் திரும்புவதும் எந்தத் திரையிலும் அந்த அளவுக்குத் தெரிவதில்லை.

அங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் நடை: பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழுமானால் அது தளர்வான, நீண்ட நடை, உடலில் எங்கும் இறுக்கமில்லை என்று பொருள். அடுத்தது வியர்வை. மும்பையின் புழுக்கத்தில் எல்லாக் குதிரைக்கும் கொஞ்சம் வியர்க்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கழுத்திலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் வெள்ளை வெள்ளையாக நுரை தட்டியிருந்தால், அந்தக் குதிரை பந்தயத்தை இங்கேயே பதற்றத்தில் ஓடி முடித்துக்கொண்டிருக்கிறது. உரோமத்தின் மினுமினுப்பும், விலா எலும்பு இலேசாகத் தெரியும்படி ஒட்டிய வயிறும் நல்ல உடல் தகுதியைக் காட்டும். கடிவாளத்தைப் பிடித்து நடத்திவரும் சைஸின் முகத்தையும் பாருங்கள். தினமும் அந்தக் குதிரையோடு புழங்குகிறவர் அவர். சிரமப்பட்டு இழுத்துப் பிடிக்கிறாரா, தளர்வாக விட்டு நடக்கிறாரா என்பதிலேயே குதிரையின் அன்றைய மனநிலை பாதி தெரிந்துவிடும். பிறகு ஜாக்கிகள் வருவார்கள். பளபளக்கும் வண்ணச் சட்டை ஜாக்கிக்குச் சொந்தமன்று, குதிரையின் உரிமையாளருக்குப் பதிவான நிறம்; ஒரே ஜாக்கி அடுத்த பந்தயத்தில் வேறு நிறத்தில் வருவார். உங்களுக்குப் பிடித்த குதிரையின் சட்டை நிறத்தையும் தொப்பி நிறத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பந்தயம் தொடங்கிய பிறகு எதிர்ப்பக்கத்தில் புள்ளிகளாக ஓடும் கூட்டத்தில் உங்கள் குதிரையைக் கண்டுபிடிக்க அது ஒன்றே வழி.

வாசலில் விற்கும் ரேஸ் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பார்த்தால் பஞ்சாங்கம் போல எண்களும் சுருக்கெழுத்துகளுமாக மிரட்டும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. குதிரையின் எண், பெயர், வயது, சுமக்கும் எடை, ஜாக்கி, டிரெய்னர், முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்ற வரிசை ஆகியவை போதும். வயதில் மட்டும் ஒரு விநோதம். எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் இங்கே எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். அதனால் டிசம்பரில் மூன்று வயதுக் குதிரைகளாகக் கினீஸ் என்ற பெரிய பந்தயத்தில் ஓடியவையே பிப்ரவரியில் நான்கு வயதுக் குதிரைகளாக டெர்பியில் ஓடுகின்றன. இங்கிலாந்தின் டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கு உரியது. நம்முடையது நான்கு வயதுக்கு. 1943-இல் முதன்முதலாக நடந்த இந்தியன் டெர்பியை வென்றது பரோடா மகாராஜாவின் ‘பிரின்சஸ் பியூட்டிஃபுல்’ என்ற பெண் குதிரை.

எடை என்ற பத்தியில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் சாதாரணப் பந்தயங்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் வகை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களை வைத்துக் கிளப்பின் ஹேண்டிகேப்பர் ஒரு புள்ளி தருகிறார். புள்ளி உயர உயர, ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் அது சுமக்க வேண்டிய எடையும் ஏறுகிறது. ஜாக்கியின் உடல் எடையும் சேணமும் சேர்ந்து குறித்த அளவுக்கு வராவிட்டால், சேணத்துக்கடியில் ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். நன்றாக ஓடும் குதிரைக்குப் பாரம் கூடும், தோற்றுக்கொண்டிருக்கும் குதிரைக்குப் பாரம் குறையும். எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது ஹேண்டிகேப்பரின் கனவு. அந்தக் கனவு கொஞ்சம் பலித்தாலும் உங்களுடைய ‘நிச்சயம்’ பொய்த்துவிடும். போன தடவை எளிதாக வென்ற குதிரை இந்தத் தடவை நான்கைந்து கிலோ கூடுதலாகச் சுமந்து மூன்றாவதாக வரும்போது, எல்லாம் முன்னரே பேசி வைத்த ஆட்டம் என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார். தில்லுமுல்லு எங்குமே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் விசாரணை நடத்துவதும் ஜாக்கிகளைத் தடைசெய்வதும் செய்தியாக வருவதுண்டு. ஆனாலும் பத்துப் புகாரில் பெரும்பாலானவற்றுக்கு விடை எடைப் பத்தியிலேயே இருக்கும். டெர்பி போன்ற, கிளாசிக் எனப்படும் பெரிய பந்தயங்களில் இந்தச் சமன்படுத்தல் கிடையாது. ஆண் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை, பெண் குதிரைக்குச் சற்றுக் குறைவு. நல்ல குதிரை எது என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால் அந்தப் பந்தயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இனிப் பணம். கட்டாமலும் பார்க்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆயினும் சிறு தொகை ஒன்றைக் கட்டினால் கவனம் கூடுகிறது என்பது உண்மை, அதை மறுத்துப் பேசுவது பாசாங்கு. கட்டுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டோட். அதில் எல்லாருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. கிளப்பின் கழிவும் வரியும் போக மிஞ்சியதை வென்ற டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கணக்கை எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரு பந்தயத்தின் ‘வின்’ தொகுப்பில் 1,00,000 ரூபாய் சேர்ந்து, கழிவு 20,000 போனால் மிச்சம் 80,000. வென்ற குதிரையின் மேல் 20,000 ரூபாய்க்கு டிக்கெட் விற்றிருந்தால் பத்து ரூபாய்க்கு நாற்பது ரூபாய் கிடைக்கும், இதைத்தான் டிவிடெண்ட் என்பார்கள். அதே குதிரை எல்லாருடைய ஃபேவரிட்டாக இருந்து 50,000 ரூபாய்க்கு விற்றிருந்தால் பத்துக்குப் பதினாறுதான். உங்களுக்குக் கிடைக்கப்போவது குதிரையின் தரத்தைப் பொறுத்ததன்று, உங்களைப் போல எத்தனை பேர் நினைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பந்தயம் தொடங்கும்வரை திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு இடம் புக்மேக்கர்களின் வட்டம். அங்கே விலை அந்த நொடியில் பேசி முடிக்கப்படுகிறது. ஒன்றுக்கு நாலு என்று எழுதி வாங்கிவிட்டால் பிறகு அது இரண்டாக இறங்கினாலும் உங்களுக்கு நாலுதான். தெரிந்தவர்களுக்கு அது இலாபகரமான இடம். முதல் முறை வருகிறவர் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். பலகையில் எண்ணை அழித்து அழித்து எழுதும் வேகமும், ஒரு குதிரைக்குத் திடீரென்று ஆள்கள் பாயும்போது அந்த வட்டம் முழுவதும் பரவும் சலசலப்பும் பார்க்க வேண்டியவைதான்.

டோட்டில் ‘வின்’ என்றால் முதலாவதாக வர வேண்டும். ‘பிளேஸ்’ என்றால், ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, முதல் இரண்டிலோ மூன்றிலோ வந்தால் போதும். முதல் மூன்றை வரிசை மாறாமல் சொல்லும் ‘டனாலா’, தொடர்ந்து ஐந்து பந்தயங்களின் வெற்றியாளர்களைச் சொல்லும் ‘ஜாக்பாட்’ என்று இன்னும் பல உண்டு. அவற்றின் பெரிய டிவிடெண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் நாளில் ‘வின்’, ‘பிளேஸ்’ இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தி இன்னும் பழகவில்லையே என்ற கவலையும் வேண்டாம். கவுண்டரில் யாரும் குதிரையின் பெயரைச் சொல்வதில்லை. பந்தய எண், குதிரை எண், வின்னா பிளேஸா, எத்தனை ரூபாய் என்ற நான்கு விவரம் போதும், விரலைக் காட்டினாலும் நடக்கும். டிக்கெட் கைக்கு வந்ததும் எண் சரியா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கொண்டுபோவது என்ற கேள்விக்கு, சினிமாவுக்கும் இரவு உணவுக்கும் ஒரு விடுமுறை நாளில் எவ்வளவு செலவழிப்பீர்களோ அவ்வளவு என்பேன். அதை ரொக்கமாக எடுத்துப் போங்கள். முழுவதும் போய்விட்டதாகக் கிளம்பும்போதே கணக்கெழுதிவிடுங்கள். எஞ்சி வந்தால் வரவு. கட்டாயமாக இப்படிச் சொல்வதற்குக் காரணம் ஒழுக்க உபதேசம் அன்று, வரிக் கணக்கு. 2023 அக்டோபர் முதல் பந்தயத்தில் கட்டும் தொகையின் முழு மதிப்பின் மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. இது இலாபத்தின் மேல் விழும் வரி அன்று, நீங்கள் தோற்றாலும் விழும். அதன் மேல் கிளப்பின் கழிவு. ஒரு பந்தயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் வென்றால் வருமான வரியாக 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். போன வாரம் தோற்றதைக் காட்டி அதைக் குறைக்கவும் முடியாது. இத்தனை ஓட்டை போட்ட பிறகு தொடர்ந்து கட்டுகிறவர் தொடர்ந்து வெல்வது, குதிரைகளை நாள் முழுவதும் ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மிகச் சிலருக்கே இயலும் காரியம். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘உள்தகவல்’ விற்கிறவர்கள் அந்த மிகச் சிலரில் சேரமாட்டார்கள். சேர்ந்திருந்தால் தகவலை உங்களிடம் விற்றுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ரேஸ்கோர்ஸில் தமிழில் பேசுவதைக் கேட்டு, ‘தம்பி எந்த ஊரு’ என்று தொடங்கி ஒரு குதிரையின் எண்ணில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப்பாசத்தோடு பேசுங்கள், எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். வென்றால் பங்கு கேட்பார்கள்; தோற்றால் அடுத்த பந்தயத்துக்கு இன்னொரு எண் தயாராக இருக்கும்.

ஓட்டத்தைப் பார்க்க வெற்றிக் கம்பத்துக்கு நேராக இடம் பிடிக்க எல்லாரும் முண்டுவார்கள். அதற்குச் சற்று முன்னதாக, கடைசி இருநூறு முந்நூறு மீட்டர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நிற்பது நல்லது. பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. மகாலட்சுமியில் குதிரைகள் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடும். எதிர்ப்பக்கத்தில் ஓடும்போது வர்ணனையைக் கேட்டுக்கொண்டு திரையைப் பாருங்கள்; கடைசி வளைவில் திரும்பியதும் திரையை விட்டுவிட்டு நேராகப் புல்லைப் பாருங்கள். முதலில் ஓடும் குதிரையை விட நான்காவது ஐந்தாவது இடத்தில், ஜாக்கி இன்னும் கையை அசைக்காமல் அமர்ந்திருக்கும் குதிரையைக் கவனியுங்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது இடைவெளி தேடி வெளியே வரும் தருணம்தான் இந்த விளையாட்டின் உச்சம். குளம்புச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே காலடித் தரையில் தெரியும். ஓடிய 23 பந்தயங்களில் 22-ஐ வென்ற ‘எலூசிவ் பிம்பர்னெல்’, 19-இல் 18-ஐ வென்ற ‘ஸ்குவாண்டரர்’ ஆகியவற்றை நேரில் பார்த்த முதியவர்கள் இன்றும் அவற்றைப் பற்றிப் பேசுவது, கட்டி வென்ற தொகையை வைத்தன்று. அவற்றின் மேல் கட்டியவருக்குப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது.

முடிந்தவுடன் டிக்கெட்டைக் கிழித்து எறியும் கூட்டத்தைப் பின்பற்றாதீர்கள். நெருக்கமான முடிவுக்கு ஃபோட்டோ ஃபினிஷ் பார்ப்பார்கள். ஓடும்போது ஒரு குதிரை மற்றொன்றின் வழியை மறித்திருந்தால் ஆட்சேபணை எழும், ஸ்டூவர்டுகள் விசாரித்து இடங்களை மாற்றக்கூடும். ஜாக்கிகள் சேணத்தோடு மறுபடி எடை பார்த்து, எல்லாம் சரி என்று அறிவித்த பிறகே முடிவு உறுதியாகிறது. இரண்டாவதாக வந்த குதிரை சில நிமிடங்களில் முதலாவதாகிவிட, அதன் டிக்கெட்டைக் காலடியில் தேடும் ஆள்களை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள்.

விரும்பத்தகாத ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாட்டையைப் பயன்படுத்துவதற்கு வரம்பு உண்டு, ஆனால் சாட்டை உண்டு. எப்போதாவது ஒரு குதிரை ஓட்டத்திலேயே கால் முறிந்து விழும். மறைப்புத் துணியோடு மருத்துவ வண்டி ஓடும். பல நேரங்களில் அந்தக் குதிரை பிழைப்பதில்லை. அவ்வளவு பெரிய உடலைத் தாங்கும் கால் எலும்பு அவ்வளவு மெல்லியது, முறிந்த பின் படுக்க வைத்து ஆற்றவும் இயலாது. இதைக் காரணமாகக் கொண்டே ரேஸுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன். நான் போகிறேன், ஆனால் அந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான விடை இருப்பதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

உடையைப் பொறுத்தவரை, பொதுமக்கள் பகுதிக்குச் சாதாரணக் காற்சட்டையும் சட்டையும் ஷூவும் போதும். உறுப்பினர் பகுதிக்கு யாராவது அழைத்தால் அங்குள்ள உடை விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள், அரைக்கால் சட்டைக்கு அனுமதி கிடையாது. நடக்கவும் நிற்கவும் நிறைய இருப்பதால் புது ஷூ வேண்டாம். பிற்பகல் வெயில் ஜனவரியிலும் சுடும். மாலையில் கடற்காற்று வந்துவிடும். மாட்டுங்கா ரோடு நிலையத்தில் சர்ச்கேட் செல்லும் ஸ்லோ லோக்கலைப் பிடித்தால் தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், அடுத்தது மகாலட்சுமி. ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. நிலையத்தின் ஒரு பக்கம் தோபி காட், மேற்குப் பக்கம் நடந்தால் ரேஸ்கோர்ஸ். ஞாயிற்றுக்கிழமையானால் பராமரிப்புக்காகத் தடம் மூடும் அறிவிப்பு இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்தயம் வரை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதுவரை தோற்றதை ஒரே அடியில் மீட்டுவிடலாம் என்று கவுண்டரில் கூட்டம் மொய்ப்பது அந்தப் பந்தயத்துக்குத்தான். அதன் பேடாக்கை மட்டும் பார்த்துவிட்டு, கையில் வென்ற டிக்கெட் இருந்தால் பணமாக்கிக்கொண்டு கிளம்பினால், லோக்கலில் உட்கார இடம் கிடைக்கலாம்.